நாஞ்சில்நாடனின் மும்பை: சண்முகமும் பூலிங்கமும்

நாஞ்சில்நாடனின் மும்பைப் புதினங்களை ஊர்நினைவின் ஏக்கமாக மட்டும் காணும் போக்கு ஆய்வுலகில் உண்டு. 'மிதவை' (1986), 'எட்டுத்திக்கும் மதயானை' (1998) ஆகியவற்றை இணைத்து நோக்கின் அக்கருத்து பொருந்தாமை புலனாகும்.

சண்முகம் பட்டதாரி. வேலையின்மை அவனைச் சென்னைக்கும் பின்னர் மும்பைக்கும் தள்ளுகிறது. அவனுக்கு ஊர் உண்டு, ஊரில் பிழைப்பில்லை. நீரின் போக்கிலேயே செல்லும் மிதவை என்னும் தலைப்பு அவன் நிலைக்கு மிகப் பொருத்தமானது. பூலிங்கமோ, ஒரு பெண்ணின் பொருட்டு அடிபட்ட அவமானம் தாளாது வைக்கோற்போருக்குத் தீயிட்டு ஓடியவன். பல மாநிலங்களைக் கடந்து மும்பையை அடைந்து கள்ளச்சாராயத் தொழிலில் சேர்கிறான். திரும்ப முடியாத ஊரை நினைப்பது ஏக்கமன்று. அச்சமும் குற்றவுணர்வும் அதில் கலந்துள்ளன. இவ்வேறுபாட்டைத் திறனாய்வாளர் போதிய அளவு கருதவில்லை எனலாம். திசைதோறும் மதயானை நிற்க, ஒதுங்க இடமற்றவன் அவன்.

ஒரு குறையும் சுட்டத்தக்கது. இருவரும் தனியர்; நகரைத் தனியராகவே காண்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே நெல்லைப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோர் குடும்பமாய் வேரூன்றினர். தொடர்வண்டிப் பாதைக்கு அப்பால் மாட்டுங்காவில் அலுவலகப் பணியாளரான தமிழர் கோயில்களும் பள்ளிகளும் அமைத்தனர். தலைமுறைகளாய் அங்கேயே பிறந்து வளர்ந்தோரின் மும்பை இவ்விரு புதினங்களின் மையத்தில் இல்லை. நாஞ்சில்நாடன் 1972இல் பிழைப்புத் தேடிச் சென்று 1989வரை அங்கு வாழ்ந்தவர்; வந்தவனின் கண்களே அவருக்கு வாய்த்தவை.