தொட்டியில் தோற்று, பக்கெட்டில் ஜெயித்த மோட்டார்

மீன் தொட்டியின் அடிமண்ணைச் சுத்தம் செய்யும் மின்சாரக் கருவி ஒன்றை மூன்று மாதமாக வைத்திருக்கிறேன். கீழே அகலமான குழாய் வாய், நடுவே விரல் நீள மோட்டார், மேலே சின்ன வடிகட்டிப் பெட்டி, 12 வோல்ட் அடாப்டர். தண்ணீர் மாற்றலாம், மணல் கழுவலாம், மிதக்கும் குப்பையை அள்ளலாம் என்று அட்டைப்பெட்டி முழுக்கப் படங்கள். ஆன்லைனில் 1,900 ரூபாய் கொடுத்தேன். பந்தை அமுக்கித் தொடங்கும் சாதாரண சிஃபான் குழாய் கொளத்தூர் மீன் கடைகளில் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

என் தொட்டி 2 அடி நீளம், அகலமும் உயரமும் ஒவ்வோர் அடி. மண், கல், மேல் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். பின்பக்கம் ஆக்வா சாயிலில் வல்லிஸ்னேரியாவும் கிரிப்டோகோரைனும். முன்பக்கம் ஒரு கை அகலத்துக்கு வெறும் மணல். வாராவாரம் 15 லிட்டர், அதாவது ஒரு பக்கெட், மாற்றுவேன்.

முதலில் வேகம். மணிக்கு 1,700 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. என் பக்கெட் நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 900 லிட்டர். ஸ்டாண்டின் மேல் இருக்கும் தொட்டியிலிருந்து தரையில் இருக்கும் பக்கெட்டுக்குப் பழைய சிஃபான் இதே வேலையை ஒன்றரை நிமிடத்தில் செய்கிறது. அரை நிமிடத்துக்கு 1,700 ரூபாய் அதிகம்.

மணல் பகுதியில் குறை சொல்ல முடியாது. குழாய் வாயை மணலுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து மெதுவாகச் சுழற்றினால், மீன் கழிவு இலேசானது என்பதால் எழும்பி வந்துவிடுகிறது. மணல் கீழேயே நிற்கிறது. கைப்பிடியில் இருக்கும் திருகால் வேகத்தைக் குறைக்க முடிவது நல்ல யோசனை.

செடிப் பகுதியில்தான் மானம் போனது. படத்தில் காட்டியபடி வாயை மண்ணுக்குள் குத்தினேன். ஆக்வா சாயில் சுட்ட மண் உருண்டை, அழுத்தினால் நொறுங்கும். தொட்டி இரண்டு நொடியில் டீக்கடை டிகாக்‌ஷன் ஆனது. வடிகட்டிப் பெட்டி சேற்றால் அடைத்துக்கொண்டது, கிரிப்டோகோரைன் ஒன்று வேரோடு கையில் வந்தது. அதைத் திரும்ப நட்டேன். பத்து நாளில் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கரைந்தது. வேரைத் தொந்தரவு செய்தால் இந்தச் செடி காட்டும் வழக்கமான கோபம் அது. கிழங்கு பிழைத்துப் புது இலை விட ஒரு மாதம் பிடித்தது.

கடைக்காரரிடம் புலம்பியபோது, “குளத்துல யாரு சார் மண்ணைக் கழுவுறா?” என்றார். தூர் வாருவதை மறந்துவிட்டார், போகட்டும். ஆனால் செடித் தொட்டிக்கு அவர் சொன்னதே சரி. மண்ணில் இறங்கும் கழிவை நுண்ணுயிரிகள் பிரித்துக் கொடுக்க, கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் வேர் வழியே உறிஞ்சிக்கொள்கின்றன. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவில் ஒரு பங்கு அந்த மண் துகள்களின் மேல்தான் குடியிருக்கிறது. மேலாகப் படிந்ததை எடுத்தால் போதும். மண் கறுத்து அழுகிய முட்டை வாடை வந்தால் மட்டும், தண்ணீர் மாற்றும் நாளில் ஒரு மூங்கில் குச்சியால் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திவிடுகிறேன். மண்ணுக்குள் புகுந்து திரியும் மலேசியன் டிரம்பெட் நத்தைகள் இந்தக் கருவியைவிடப் பதமாகக் கிளறுகின்றன. மின்சாரமும் கேட்பதில்லை.

கருவியின் பெரிய பெருமை அதன் ‘சுழற்சி’ முறை. அழுக்கை உள்ளே இருக்கும் பையில் வடிகட்டி, அதே தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பி விடும். தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்ற தொனியில் விளம்பரம். இதை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் குப்பை பையில் நிற்கும்; கரைந்த நைட்ரேட்டுக்கு அந்தப் பை ஒரு தடையே இல்லை. செடிகள் குடித்தது போக வாரம் 10 பங்கு தொட்டியில் மிஞ்சுகிறது என்று வையுங்கள். வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அது 30 பங்கைத் தாண்டாது. பாதியை மாற்றினால் 20-ஐத் தாண்டாது. மாற்றாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். உரத்தைத் தாராளமாகப் போட்டு வாரம் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லும், செடித் தொட்டி நிபுணர் டாம் பாரின் முறை இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு திட்டிய பிறகும் கருவியைத் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் உண்டு. சிஃபான் தண்ணீரைக் கீழே இறக்கும், மேலே ஏற்றாது. நிறைந்த பக்கெட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கி ஊற்றுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நிஜமான வலி. என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். ஒரு நாள் கருவியைக் கழுவி, உறிஞ்சும் பக்கத்தைப் புதுத் தண்ணீர் பக்கெட்டுக்குள் விட்டு, வெளியேற்றும் குழாயைத் தொட்டி விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்தினேன். மண்ணின் மேல் ஒரு சாஸர். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு துகள் மண்கூட எழும்பவில்லை. மீன்கள் மூலைக்கு ஓடவுமில்லை. பக்கெட்டின் அடியில் கடைசி நாலு விரல் தண்ணீரை மட்டும் மக்கால் ஊற்ற வேண்டும், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் போய்விடும்.

பக்கெட் வழியாக ஏற்றுவதில் இன்னொரு வசதி. குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்டை அந்த 15 லிட்டருக்கு மட்டும் போட்டுக் கலக்கிவிட்டு ஏற்றலாம். குழாயிலிருந்து நேராகத் தொட்டியை நிரப்புபவர்கள் முழுத் தொட்டிக்கும் அளந்து போட வேண்டும். சென்னை மே மாதத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும். அதனால் காலை காபிக்கு முன் பிடித்து வைப்பது என் வழக்கம்.

தொட்டி தரைமட்டத்தில் இருந்து சிஃபானுக்கு இறக்கம் கிடைக்காதவர்களும், பக்கெட் தூக்க முடியாதவர்களும் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு அந்த 200 ரூபாய்க் குழாயே போதும். குட்டி மீன்களோ இறாலோ இருந்தால் குழாய் வாயில் வலை மாட்டாமல் இதை இறக்காதீர்கள். முதல் வாரம் ஒரு செர்ரி இறாலை வடிகட்டிப் பையிலிருந்து உயிரோடு மீட்டேன். பின்பக்கத்து ஆக்வா சாயிலை அந்தச் சேற்று நாளுக்குப் பிறகு நான் கருவியால் தொடவே இல்லை, வல்லிஸ்னேரியா முன்பக்க மணலுக்கே ஓடுதண்டு விட்டுவிட்டது.