எண்ணும் பெயரும்: சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் சின்னங்கள்

சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை நடத்திய நிறுவனங்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். 1963இல் 'டெலிவிஷன் சிங்கப்பூரா'. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியா அமைந்தபின் மலேசியத் தொலைக்காட்சியின் சிங்கப்பூர்ப் பிரிவு. 1965இல் நாடு தனித்தபின் 'ஆர்.டி.எஸ்.', 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம், 1994 அக்டோபரில் 'டி.சி.எஸ்.' எனப்பட்ட தொலைக்காட்சிக் கழகமும் அதன் உடன்பிறப்பு நிறுவனங்களும், 1999இல் மீடியாகார்ப். பெயர் மாறியபோது இலச்சினையும் மாறிற்று. தமிழ் நேயரின் இடத்தில் நின்று நோக்கினால், படிக்க வேண்டிய சின்னம் இதுவன்று என்பது என் கருத்து. நிறுவனத்தின் பெரிய இலச்சினையைவிட, ஒளிவழியின் சிறிய சின்னமே நம் கதையைச் சொல்லுகிறது.

பெரிய இலச்சினைக்குப் பின்னால் நிகழ்ந்த உரிமை மாற்றத்தை முதலில் எடைபோடுவோம். தொடக்கத்தில் தொலைக்காட்சி ஓர் அரசாங்கத் துறை. பண்பாட்டு அமைச்சராயிருந்த எஸ். ராஜரத்தினம் 1963 பிப்ரவரி 15ஆம் நாள் அதன் சோதனை ஒளிபரப்பைத் தொடக்கி வைத்தார். 1980இல் அது சட்டபூர்வக் கழகமாயிற்று. 1994இல் நிறுவனங்களாகப் பிரிந்தது. அந்நிறுவனங்களின் வழிவந்த மீடியாகார்ப்பின் உரிமையாளர் தெமாசெக். தெமாசெக்கின் உரிமையாளர் நிதியமைச்சு. நிர்வாக முறையில் இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆயினும் வேர் ஒன்றே. உரிமை மிகக் குறைவாக இடம்பெயர்ந்த துறையில் பெயர்கள் இத்துணை முறை மாறியமை வியப்புக்குரியது. ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது: முந்திய பெயர்களிலெல்லாம் ஊர்ப்பெயர் இருந்தது, மீடியாகார்ப் என்று சுருங்கிய பெயரில் சிங்கப்பூர் இல்லை.

இனி ஒளிவழிச் சின்னத்துக்கு வருவோம். 1963இல் 5ஆம் ஒளிவழி மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும், அவ்வாண்டின் பிற்பகுதியில் தோன்றிய 8ஆம் ஒளிவழி சீனத்துக்கும் தமிழுக்கும் என வகுக்கப்பட்டன. இவ்வெண்களைக் கவிஞரோ ஓவியரோ தேர்ந்தெடுக்கவில்லை. அலைவரிசைப் பட்டியலில் பொறியாளர்க்கு அமைந்த எண்கள் அவை. அவையே பின்னர்ப் பெயராயின, சின்னமும் ஆயின. 'எட்டில் தமிழ்ப்படம்' என்று வீடுகளில் பேசிக்கொண்ட தலைமுறைக்கு அந்த எட்டு தமிழின் முகவரி. ஆனால் அந்த எட்டில் தமிழின் முகம் இல்லை. எண்ணுக்கு மொழியில்லை என்பது ஒருவகையில் நடுநிலைமை. பல மொழிகள் ஒரு கூரையின்கீழ்ச் சச்சரவின்றி வாழ்வதற்கு எண் உதவிற்று என்றும் சொல்லலாம். அந்நடுநிலைமை எவ்வளவு மெல்லியது என்பது 1995இல் தெரிந்தது. எட்டு முழுமையாகச் சீன ஒளிவழியாயிற்று. தமிழ், 12ஆம் ஒளிவழிக்குச் சென்று மலாயுடன் இடம் பகிர்ந்துகொண்டது. வீடு மாறியவர் தமிழர். முகவரி எண் மட்டும் பழைய வீட்டாரிடமே தங்கிவிட்டது. எட்டைச் சீனர் நற்பேற்று எண்ணாகக் கொள்வதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

2000ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில்தான் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு எண்ணல்லாத ஒரு பெயர் வாய்த்தது: 'வசந்தம் சென்ட்ரல்'. சிறுவர் நிகழ்ச்சிகளும் கலை நிகழ்ச்சிகளும் பகிர்ந்துகொண்ட 'சென்ட்ரல்' என்னும் ஒளிவழியில் தமிழ் ஒரு பகுதி. பெயரிலேயே குடியிருப்பவர் முன்னும் வீட்டுக்காரர் பின்னும் நிற்பதைக் காண்க. அதே நாளில் மலாய்க்கு 'சூரியா' எனத் தனி ஒளிவழி கிடைத்தது. 2001 முதல் 2004 முடிய சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் போட்டித் தொலைக்காட்சி நடத்தியது. அதன் ஒளிவழிகள் இரண்டும் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்குமே உரியவை. தமிழ் முரசு நாளிதழை வெளியிட்ட குழுமமே அது என்பதை எண்ணும்போது, உரிமை இரண்டாகப் பிரிந்த அக்காலத்தும் தமிழ் நேயர்க்குத் தேர்வு ஒன்றாகவே இருந்தமை உறுத்துகிறது. 2008 அக்டோபர் 19ஆம் நாள் 'சென்ட்ரல்' உதிர்ந்து 'வசந்தம்' தனித்து நின்றது. நிறுவனத்தின் பெயரோ உரிமையோ மாறாத அந்நாளே நம்மைப் பொறுத்தவரை பெரிய மாற்றத்தின் நாள்.

அச்சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு வசந்தகாலம் இல்லை. மழையும் வெயிலுமே உண்டு. ஆகவே அது நாம் இலக்கியத்தில் மட்டும் கண்ட பருவம். தூய தமிழ் நாடுவோர் 'இளவேனில்' இருக்க வடசொல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 'சூரியா'வும் வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல்லே. இரண்டு சிறுபான்மை மொழிகளின் ஒளிவழிகளும் ஒரே பழைய களஞ்சியத்திலிருந்து பெயர் பெற்றிருப்பதை ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர்க்குச் சுவையான பாடமாகும்.

எனக்குள்ள குறை சொல்லைப் பற்றியதன்று, எழுத்தைப் பற்றியது. 2015இல் கால்டிகாட் குன்றை விட்டுப் புதிய வளாகம் புகுந்த நிறுவனம், ஆங்கிலத்தில் தன் பெயரின் நடுவில் நின்ற பெரிய எழுத்தைச் சிறியதாக்கிற்று. தமிழில் எழுதினால் அம்மாற்றம் இருந்த சுவடே இல்லை; நம் நெடுங்கணக்கில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஏது? இதற்கு மறுதலையான இழப்பும் உண்டு. தமிழ் வானொலியின் பெயரான 'ஒலி'யை உரோமன் எழுத்தில் எழுதினால் அது ஒலியா ஒளியா என்று சொல்ல வழியில்லை. லகர ளகர வேறுபாட்டை வகுப்பறையில் நாள்தோறும் திருத்தும் ஆசிரியர்க்கு இதன் பொருள் விளங்கும். 'வசந்தம்' என்பதையும் அவ்வாறு எழுதும்போது தகரமும் நகரமும் எவையென ஊகிக்கவே வேண்டியிருக்கிறது. பெயர் தமிழர்க்கு வந்து சேர 37 ஆண்டுகள் ஆயின. அப்பெயர் இடம்பெறும் ஒவ்வொரு சின்னத்திலும் தமிழ் எழுத்தே முதன்மையாக நிற்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.