கணினியில் விளையும் மக்காச்சோளம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாசனம் பெறும் மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் சக்கரங்களில் ஏறி வயலைச் சுற்றிவரும் நீண்ட தெளிப்பானே தண்ணீர் ஊற்றுகிறது. பிராங்க் சைபாக் 1952இல் காப்புரிமை பெற்ற கருவி அது. இன்று அதன் தெளிப்பு முனைகளைத் தனித்தனியாகத் திறந்து மூடி, மணல் மேட்டுக்கு ஓர் அளவும் களிமண் பள்ளத்துக்கு வேறோர் அளவும் கொடுக்க முடிகிறது. அந்த வசதிக்குப் பணம் போடலாமா என்று பயிர் வளர்ச்சியைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளைக் கேட்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் உண்டு. மூன்றாண்டு வயல் சோதனையில் மூன்று மழைக்காலங்களைத்தான் பார்க்கலாம். 2012இல் வந்ததைப் போன்ற வறட்சி அதில் சிக்காமலே போகலாம். 1986இல் வெளிவந்த சீரஸ்-மெய்ஸ் போன்ற மாதிரி 30 ஆண்டு வானிலைப் பதிவையும் ஒரே மாலையில் ஓட்டிக் காட்டிவிடும். பயிர் குடித்த நீரையும் வேருக்குக் கீழே இறங்கிய நீரையும் அது பிரித்துச் சொல்கிறது. மகசூல் எண்ணைவிட இந்தக் கணக்கையே நான் பெரிதாக மதிப்பேன். கீழே இறங்கும் நீரில் ஒரு பங்கு அடியில் உள்ள ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கே திரும்பக்கூடும். அதைத் தடுத்துவிட்டு முழுவதையும் சேமிப்பு என்று எழுதக்கூடாது.

ஆனால் இப்படி இடத்துக்கு இடம் அளவை மாற்றும் துல்லியப் பாசனம் விற்பது ‘எங்கே எவ்வளவு’ என்பதை. சீரஸ் வகை மாதிரிகளுக்கு வயல் என்பது மேலிருந்து கீழாக ஒரே ஒரு மண் தூண். ஓர் அடுக்கு நிரம்பினால் நீர் அடுத்ததற்கு இறங்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பக்கவாட்டில் ஓடும் நீருக்கு அங்கே இடமில்லை. வயலைப் பகுதிகளாக்கித் தனித்தனியே ஓட்டலாம்தான். அப்போதும் ஒவ்வொரு பகுதியின் நீர்ப்பிடிப்புத் திறனை மண் வரைபடத்திலிருந்து நாமே எடுத்துக் கொடுக்கிறோம். உள்ளே போட்ட வேறுபாடுதான் லாபமாக வெளியே வருகிறது.

பூக்கும் பருவம் இன்னொரு பலவீனம். வாடிய பயிரில் மகரந்தத்தை ஏற்கும் பட்டிழை தாமதமாக வெளிவரும், மகரந்தம் வீணாகும், மணி குறையும். சீரஸ் இந்தத் தாமதத்தைக் கணக்கிடுவதில்லை. பட்டிழை வந்தபின் நடக்கும் ஒளிச்சேர்க்கையை வைத்தே மணிகளை எண்ணுகிறது. நீர்க் கணக்கும் உறுதியானதல்ல: அயோவாவின் ஏம்ஸ் வயல் அளவீடுகளோடு 29 மக்காச்சோள மாதிரிகளை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஆவியாகும் நீரின் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றன. ஒற்றை மாதிரியின் எண்ணை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் விடுபவரோடு ஒப்பிட்டால் எந்தப் புதுக்கருவியும் ஜெயிக்கும். மண் ஈரத்தை அளந்து, வயல் முழுக்க ஒரே அளவு விடும் விவசாயியோடு ஒப்பிட்ட பிறகு மிஞ்சுவதுதான் அந்தத் தெளிப்பு முனைகளின் பங்கு.