வேர்ச்சொல் ஆய்வும் ஒலி ஒப்புமையும்: மலாயில் தமிழ்ச் சொற்கள்

ஜொகூர் பாருவின் கடைத்தெருக்களில் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல்லைப் பெயர்ப்பலகைதோறும் காணலாம். அது தமிழின் 'கடை' என்பதில் ஐயமில்லை. ஆயினும், இத்தகைய உறுதியான சில சான்றுகளைத் துணைக்கொண்டு, ஒலியால் ஒத்த சொற்களையெல்லாம் தமிழ்வேரின எனக் கொள்ளும் போக்கு நம்மிடையே நிலவுகிறது. அப்போக்கினை ஈண்டு மதிப்பிட விழைகிறோம்.

உண்மையான கடன்சொற்களில் ஓர் ஒழுங்கு உண்டு. தமிழில் உயிரிடை நின்ற தனி வல்லினம் மெலிந்தொலிக்கும். மலாயும் அம்மெலிவோடே அதனை ஏற்றது. 'கடை', 'கெடாய்' ஆனதும், 'முதல்', மூலதனப் பொருளில் 'மொடால்' ஆனதும் இவ்வாறே. இரட்டித்த வல்லினமோ வன்மை குன்றாது ஒற்றையாகிறது. கப்பல், கட்டில், பெட்டி ஆகியன மலாயில் பெற்ற வடிவங்கள் இதற்குச் சான்று.

இவ்வளவுகோலால் 'இத்து' என்னும் மலாய்ச் சுட்டுச்சொல்லை நோக்குவோம். தமிழ் 'இது'வோடு அதனை இணைக்கத் தோன்றலாம். ஆனால் 'இது' சென்றிருப்பின் தகரம் மெலிந்தே ஒலித்திருக்க வேண்டும். மலாயில் அது வன்மையாக ஒலிக்கிறது. பொருளும் முரண்படுகிறது: 'இத்து' சேய்மையைச் சுட்டுவது. அண்மைக்குரிய 'இனி' என்னும் மலாய்ச் சொல்லும் இகரத்திலேயே தொடங்குதலின், அங்கு இகரம் அண்மைச்சுட்டு அன்று. உறுப்பு வேறாயின் வேர் ஒன்றாதல் எங்ஙனம்?

சொல்லமைப்பை அறிதல் இங்கு இன்றியமையாதது. நன்னூல் கூறும் பகுபத உறுப்புகள் ஆறனுள் பகுதி முதற்கண் நிற்கும். 'முதலாளி' என்பதில் முதல் முன்னும் ஆளி பின்னும் வருகின்றன. மலாயில் 'பெமொடால்' என முன்னொட்டு முந்துகிறது. வேர் தமிழாயினும் ஆக்கம் மலாயினது. கென்யாவின் மேற்குப் பகுதியில் வழங்கும் பாண்டு மொழியான லோகோலியிலும் மக்கள் 'அவலோகோலி', மொழி 'லுலோகோலி'. அடிச்சொல் ஒன்றே, முன்னொட்டே வகையைப் பிரிக்கிறது. முதலெழுத்தை மட்டும் நோக்கி வேர் தேடுவார் இத்தகைய மொழிகளில் வழிதவறுவர்.

பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்து, 1984இல் திருந்திய பதிப்பும் கண்டது. அதனைக் கையருகே வைத்துக்கொண்டும், ஒலியொழுங்கு, பொருள், உறுப்பமைப்பு ஆகிய மூன்றையும் சோதியாது வேர் கூறுதல் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதன்று. நம் மாணவர் இருமொழியும் அறிந்தவர். பொருந்தாத ஒன்றைக் கண்டுகொண்டால், பொருந்திய 'கடை'யையும் 'கப்பலை'யும் அவர்கள் ஐயுறுவர். அவ்விழப்பே பெரிது என்பது நம் கருத்து.