கையசைவுக்குப் பதில் சொல்லும் ஒளி

உடலசைவுக்கு ஏற்ப மாறும் ஒளிக்கலையைக் கண்காட்சியில் பார்த்ததும் எல்லோரும் கையை வேகமாக வீசிப் பார்ப்போம். ஒளி பாயும், படம் எடுத்துக்கொள்வோம், வெளியே வந்துவிடுவோம். அந்த அவசரம் வேண்டாம். முதலில் ஓரமாக நில்லுங்கள். ஆளே இல்லாதபோது அந்த ஒளி என்ன செய்கிறது? சும்மா அணைந்து கிடந்தால், செய்தவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்பேன்.

பிறகு உள்ளே போய்க் கையை மெதுவாக உயர்த்துங்கள். ஒளி எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று கவனியுங்கள். ரசனைக்கு உரிய இடம் அதுதான். இந்தத் தாமதம் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 2010-இல் மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட் கருவியைக் கலைஞர்கள் உடனே தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே தூவி, அவை விலகி விழுவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி அது. நொடிக்கு 30 முறை. உடம்பில் 20 மூட்டுகளின் இடத்தையும் சொல்லும். ஆனால் அந்தக் கணக்கு நடுங்கும். கை அசையாவிட்டாலும் அது கணித்த மூட்டின் இடம் துடிக்கும். முந்தைய சில கணங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒளி குழைவாக நகரும், ஆனால் தாமதமாகும். சராசரியைக் குறைத்தால் உடனே வரும், ஆனால் பதறும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பது செய்தவரின் கைப்பக்குவம். சற்றே தயங்கி வரும் ஒளிதான் எனக்குப் பிடிக்கும். அதற்கு எடை இருப்பதாகத் தோன்றும்.

சேலை கட்டியவரையும், சக்கர நாற்காலியில் வருபவரையும், சிறு குழந்தையையும் அந்தப் படைப்பு கண்டுகொள்கிறதா என்றும் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் பெரியவரை மட்டுமே மனித உடலாகக் கொண்ட படைப்பு எவ்வளவு ஜொலித்தாலும் குறைதான்.

எல்லாவற்றிலும் நுட்பமானது, அது மனிதர்களை ஒருவரோடொருவர் எப்படிச் சேர்க்கிறது என்பது. மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் 2001-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் ‘பாடி மூவீஸ்’ என்ற படைப்பை அமைத்தார். தெருவில் எடுத்த மனிதர்களின் படங்கள் பெரிய சுவரில் விழும். தரையிலிருந்து பாயும் பலமான செனான் விளக்குகளோ அந்தப் படங்களை வெளுத்து மறைத்துவிடும். நடுவே யாராவது நடந்தால், அவர் நிழலுக்குள் மட்டும் ஒரு முகம் தெரியும். விளக்குக்கு அருகே போனால் நிழல் 25 மீட்டர் வரை வளரும், தள்ளிப் போனால் 2 மீட்டராகச் சுருங்கும். சுவரில் உள்ள எல்லா முகங்களும் நிழலுக்குள் வந்துவிட்டால்தான் கணினி அடுத்த படங்களைக் காட்டும். ஒற்றை ஆளால் அது ஆகாது. யாரோ ஒருவர் முன்னே வர வேண்டும், இன்னொருவர் பின்னே நகர வேண்டும். அதைச் சொல்ல அந்நியரிடம் பேச வேண்டும்.

இப்படி ஒரு படைப்பின் முன் நிற்க வாய்த்தால், உங்கள் கையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரைக் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.