திணையும் தண்ணீரும்: சாட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

பண்டைத் தமிழரின் திணைக் கோட்பாட்டை நவீன சூழலியலின் முன்னோடியாகக் காணும் போக்கு அண்மைக்கால ஆய்வுகளிற் பெருகி வருகின்றது. இவ்வொப்பீட்டுக்கு அடிப்படை இல்லாமலில்லை. ஒரு வாழிடத்தைப் பாதிக்கும் காரணிகளை உயிரற்றவை, உயிருள்ளவை என உயிரியலார் இரு கூறாக வகுப்பர். ஒளி, வெப்பம், மழை, மண், உவர்த்தன்மை ஆகியன முதலாவதன்பாற்படும். உயிரினங்களிடையே நிலவும் உணவுறவு, போட்டி, ஒத்துழைப்பு ஆகியன இரண்டாவதன்பாற்படும். தொல்காப்பியரோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். ஒற்றுமை வெளிப்படை. ஆயின் இவ்வொற்றுமையைக் கண்டு பெருமிதமடைவதோடு திறனாய்வின் பணி முடிந்துவிடுமா என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவை ஏட்டுக்குள் நின்று மட்டும் தீர்த்தல் அரிது. எனவே நெய்தல் நிலமொன்றை எடுத்து நோக்குவோம். வேலணைத் தீவிலுள்ள சாட்டி, வெண்மணற் கடற்கரையாலும் நன்னீர்க் கிணறுகளாலும் அறியப்பட்ட இடம். ஆறுகளற்ற, சுண்ணக்கற்பாறையால் அமைந்த இப்பிரதேசத்தில் மழையே நன்னீரின் ஊற்றுக்கண். அதுவும் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கிடைக்கின்றது. மணலினூடாக இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலாரின் கணிப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அடியிலுள்ள உவர்நீர் பன்மடங்கு மேலெழும்.

உயிருள்ள காரணிகள் இச்சமநிலைக்குப் புறம்பானவையல்ல. கடற்காற்றையும் உவரையும் தாங்கி, கணுதோறும் வேரூன்றிப் படரும் அடம்பன்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் மணலைப் பிணித்து வைக்கின்றன. பிணிக்கப்பட்ட மணல் மழைநீரை ஏற்கின்றது. அந்நீரால் பிற தாவரங்களும் விலங்குகளும் வாழ்கின்றன. மணல் உயிரைத் தாங்க, உயிர் மணலைத் தாங்குகின்றது. நெய்தற் பாடல்களில் வரும் அடும்பினை வெறும் அழகுப் பொருளாகக் கொள்வோர் இவ்வியங்கியலைத் தவறவிடுகின்றனர்.

ஆயினும் சாட்டியின் கதை இத்துடன் நிறைவெய்துவதில்லை. கிணறு தானாகத் தோன்றியதொன்றன்று. மணலை அகழ்ந்து, கல் கட்டி, துலா மிதித்து, பட்டையால் இறைத்த கைகளின் விளைபொருள் அது. கடற்சாதாளையைப் பசளையாக்கிப் புகையிலையும் மரக்கறியும் விளைவித்ததும் அக்கைகளே. சாட்டி நீர் தீவகத்தின் பிற ஊர்களுக்கும் கொண்டு செல்லப்பட்டுள்ளது. மனித உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்குமிடையிலான பொருட்பரிமாற்றமாக மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியரும் கருப்பொருட்களுள் தொழிலைச் 'செய்தி' என்ற பெயரால் சேர்த்தே எண்ணினார். திணையைச் சூழலியலாக மட்டும் வாசிப்போர் பெரும்பாலும் கைவிடுவது இச்சொல்லையே.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியான தம் ஆங்கிலக் கட்டுரையில், திணைகளைச் சமனற்ற வளர்ச்சிபெற்ற பொருளாதார வாழ்க்கை நிலைகளாக விளக்கி இவ்வாய்வுக்கு வழிகாட்டினார். உப்பைக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய உமணர் பற்றிய பாடல்கள், ஒரு திணை தன்னுள் முற்றுப்பெற்றதன்று என்பதற்குச் சான்று.

உழைப்பை ஏற்றுக்கொண்டால் உடைமையையும் பேசியாகல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுக் கிணறுகளிலும் நீரள்ள விடப்படாது, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்துநின்ற வரலாறு தொலைதூர வரலாறன்று. டொமினிக் ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதி 1960இல் 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற பெயருடன் வந்ததும், கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டதும் தற்செயலல்ல. ஒரே மழை, ஒரே மண், ஒரே ஊற்று. ஆனால் தாகம் தீரும் முறை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை எந்த உயிரற்ற காரணியாலும் விளக்க முடியாது. சாதியை மறந்து எழுதப்படும் நெய்தல் வருணனை, எத்துணை அறிவியற் சொற்களைப் பெய்திருப்பினும், பழைய நிலவுடைமை அழகியலின் மறுபதிப்பே.

1990இல் போர் தீவக மக்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்தது. மழை பெய்தது, கடலும் மணலும் இருந்தன. ஆயின் இறைப்பாரற்ற கிணறு தூர்ந்தது. உழுவாரற்ற நிலத்தைப் பற்றை மூடியது. வாழிடம் என்பது இயற்கையின் கொடை மாத்திரமன்று என்பதை நூலறிவு உணர்த்துமுன் இடப்பெயர்வு உணர்த்திற்று.

இதன் பொருள் மனிதன் இயற்கையை வென்றவன் என்பதன்று. அவ்வாறு இறுமாந்திருப்போரை ஏங்கல்ஸ் 'இயற்கையின் இயங்கியல்' என்ற நூலில் எச்சரித்துள்ளார். இலாபத்திற்காக மணலை அள்ளினால், மழையை ஏற்கும் படையே குறையும். நீரை அளவிறந்து உறிஞ்சினால் உவர் மேலெழும். அவ்விழப்பை முதலிற் சுமப்போர் போத்தல் நீர் வாங்க வகையற்ற உழைக்கும் மக்களே.

ஆகவே திணை ஆய்வு முதலையும் கருவையும் ஒப்பிட்டு அமைதியுறாது, நீர் யாருடையது, உழைப்பு யாருடையது என்றும் வினவுதல் வேண்டும். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. சாட்டி மணலில் அது தாவரவியல் உண்மை. கிணற்றடியில் காத்துநின்றோர் அதனைச் சமூக உண்மையாக்கத் துணிந்தனர். இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் திறனாய்வே நமக்கு வேண்டுவது.