ராமச்சந்திரன் கணக்கில் நிற்பதும் விழுந்ததும்

குலசேகரத்தில் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தலையைத் திருப்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பும். சூரியனும் அப்படி நம் தலையில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே மூளை கணக்குப் போடுகிறது. இதைக் காட்டியவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்.

1988இல் அவர் வெளியிட்ட சோதனைக்குச் சில வட்டங்களே போதுமானதாக இருந்தன. மேலே வெளுத்துக் கீழே கறுத்துக்கொண்டே போகும் வட்டம் முட்டைபோலப் புடைத்துத் தெரியும். தாளைத் தலைகீழாக்கினால் அதுவே குழி. தாளைத் தொடாமல், நீங்கள் குனிந்து கால்களுக்கிடையே பார்த்தாலும் புடைப்பு குழியாகும். ஆக, மூளைக்கு 'மேல்' என்பது உச்சந்தலை இருக்கும் பக்கம், வானம் எங்கே இருந்தாலும் சரி. வெளிச்சம் சற்று இடப்புறமிருந்து வருவதாக மூளை கொள்கிறது என்று 1998இல் வேறு இருவர் திருத்தினார்கள். அடித்தளம் ஆடவில்லை. அவருடைய பெயரை உலகுக்குச் சொன்னவை வேறு ஆய்வுகள். என் கணக்கில் இதுவே அவருடைய மிக உறுதியான வேலை.

புகழ் மாயக்கையால் வந்தது. கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டால், இல்லாத கையிலும் தொடுவது தெரிந்தது. மூளையில் கைக்குரிய இடத்தை முகம் ஆக்கிரமித்துவிட்டது என்று 1992இல் அவர் விளக்கினார். அந்த விளக்கம் இப்போது தள்ளாடுகிறது. கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த 2025ஆம் ஆண்டு ஆய்வில், கையின் வரைபடம் அப்படியே இருந்தது. மூன்று பேர்தானே என்று கேட்கலாம். ஆனால் முன்-பின் ஒப்பீடு அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

இல்லாத கையில் உணரும் வலிக்கு அவர் கொடுத்த, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டும் கண்ணாடிப் பெட்டியை அந்த விளக்கத்தோடு சேர்த்துத் தள்ளிவிடக்கூடாது. 2007இல் கால் இழந்தவர்களிடம் நடந்த சோதனையில், கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. சான்று சிறியதுதான், பின்வந்த மதிப்பாய்வுகளும் அது போதாது என்றே சொல்கின்றன. ஆனால் இதற்கு வேண்டியது ஒரு சாதாரண முகக்கண்ணாடி. பக்கவிளைவும் குறைவு. நம் ஊர் மருத்துவமனையிலும் செய்து பார்க்கலாம்.

கண்ணாடி நியூரான்கள், அதாவது ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் மூளைச் செல்கள், விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. குரங்குகளிடம் இத்தாலியர்கள் கண்டதை வைத்து, மனித நாகரிகத்தின் பாய்ச்சலையே அவை விளக்கும் என்று 2000இல் எழுதினார். பிறகு ஆட்டிசத்துக்குக் காரணமே அவற்றின் பழுது என்றார். அவர் குழு மூளையலை பதிவுசெய்தது பத்து ஆட்டிசக்காரர்களிடம்! 2013இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அப்படியொரு பொதுப்பழுதுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

தானே சோதித்தவரை அவர் முதல்தரம். சோதனையைத் தாண்டிப் போன இடங்களில் கதைசொல்லி. ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அவருடைய 2011ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அதிலுள்ள ஆட்டிச அத்தியாயத்தை நம்பிச் சிகிச்சை எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.